வருமான வரி ரிட்டர்ன் போட்டபின் தப்பு தெரிந்தால்: எந்த வழியில் திருத்துவது, எப்போதுவரை திருத்தலாம்

சங்ககிரியில் மூன்று லாரி வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றுமே ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை 28,000 கிலோ என்று பதிவான வண்டிகள். ஆண்டு முழுக்க அவர் பெயரில் இருந்தவை. 2024-25 நிதியாண்டுக்கு ஐடிஆர்-4 படிவத்தில், லாரி உரிமையாளர்களுக்கான உத்தேச வருமானக் கணக்கைச் சொல்லும் 44ஏஇ பிரிவின் கீழ், வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வீதம் 2,70,000 ரூபாய் வருமானம் என்று போட்டுவிட்டார். வரி ஒன்றும் வரவில்லை. ரிட்டர்ன் பிராசஸ் ஆகிவிட்டதாக மின்னஞ்சலும் வந்துவிட்டது. வேலை முடிந்தது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் 7,500 ரூபாய்க் கணக்கு, மொத்த எடை 12,000 கிலோவைத் தாண்டாத வண்டிகளுக்கு மட்டும். தாண்டினால் டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய். 28 டன் வண்டிக்கு மாதம் 28,000. மூன்று வண்டிக்கு ஆண்டுக்கு 10,08,000. லோடு கிடைக்காமல் வண்டி ஷெட்டில் நின்ற மாதத்துக்கும் கணக்கு உண்டு, ஏனென்றால் சட்டம் பார்ப்பது ஓட்டத்தை அல்ல, உரிமையை. புதிய வரி முறைப்படி இதற்கு வரி 51,200, 4 சதவீத செஸ் சேர்த்தால் 53,248.

இந்தத் தப்பை அவர் 2025 டிசம்பரில் கவனித்துத் திருத்தியிருந்தால், முன்வரி (ஆண்டுக்குள்ளேயே தவணையாகக் கட்டவேண்டிய வரி) கட்டாததற்கான வட்டியோடு ஏறக்குறைய 60,700 ரூபாயில் முடிந்திருக்கும். 2026 மே மாதம் கவனித்தால் ஏறக்குறைய 79,200 கட்டவேண்டும். அதே தப்பு, அதே லாரி. இடையில் ஐந்து மாதம், பதினெட்டாயிரத்துச் சொச்சம். வட்டி ஏறியது இதில் சிறு பங்குதான். பெரும்பங்கு, திருத்தும் வழியே மாறிப்போனதால் வந்தது.

வழி எது என்பதை மூன்று சங்கதிகள் முடிவுசெய்கின்றன. இன்றைய தேதி என்ன? தப்பு ரிட்டர்னில் இருக்கிறதா, அல்லது ரிட்டர்ன் சரியாக இருந்து ரிட்டர்ன்களைப் பிராசஸ் செய்யும் பெங்களூரு மையமான சிபிசி போட்ட கணக்கில் இருக்கிறதா? திருத்தினால் வரி கூடுமா, குறையுமா? பலரும் இந்த மூன்றாவது கேள்வியைக் கேட்டுக்கொள்வதே இல்லை. கெடு தாண்டியபின் இருக்கும் வழிகள் இரு பக்கமும் ஒரே மாதிரி திறப்பதில்லை: அரசுக்குக் கூடுதலாகக் கட்ட நான்கு ஆண்டு அவகாசம் இருக்கிறது, கட்டியதில் மிச்சத்தைத் திரும்பக் கேட்க ஏறக்குறைய வழியே இல்லை. ஆகவே தனக்குச் சாதகமான கழிவை விட்டுவிட்டவர்தான் முதலில் ஓடவேண்டியவர். நடைமுறையில் அவர்தான் கடைசியில் வருகிறார்.

இங்கே சொல்லும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படியானவை. கெடுத் தேதிகள் 2025-26 மதிப்பீட்டு ஆண்டுவரையிலான கணக்குகளுக்கானவை. மதிப்பீட்டு ஆண்டு என்பது நிதியாண்டுக்கு அடுத்த ஆண்டு: 2024-25 நிதியாண்டுக்கு 2025-26. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. அதில் நிதியாண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர் போய், ‘வரி ஆண்டு’ என்ற ஒரே பெயர் வருகிறது. பழைய ஆண்டுகளின் கணக்கு பழைய சட்டத்தின் கீழேயே தொடரும்.

டிசம்பர் 31க்குள் என்றால்: திருத்திய ரிட்டர்ன்

பிரிவு 139(5). விடுபட்டது, தவறாகச் சொன்னது எதுவானாலும் இதில் திருத்தலாம். வரி கூடினாலும் சரி, குறைந்தாலும் சரி, நஷ்டக் கணக்கு மாறினாலும் சரி. கெடு, மதிப்பீட்டு ஆண்டு முடிய மூன்று மாதம் முன்புவரை, அதாவது டிசம்பர் 31 வரை. அதற்குள் மதிப்பீட்டு ஆணை வந்துவிட்டால் அதோடு முடிந்தது. ரிட்டர்ன் பிராசஸ் ஆனதும் வரும் 143(1) இன்டிமேஷன் என்பது மதிப்பீட்டு ஆணை அல்ல. ‘பிராசஸ் ஆகிவிட்டதே, இனி முடியாதே’ என்று கைவிடத் தேவையில்லை. ரீஃபண்ட் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த பிறகும் திருத்தலாம். தாமதமாகப் போட்ட ரிட்டர்னையும் திருத்தலாம். எத்தனை முறை என்ற வரம்பும் இல்லை.

வருமான வரித்துறைப் போர்ட்டலில் இ-ஃபைல், இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ஸ், ஃபைல் ரிட்டர்ன் என்று வழக்கம்போலவே போய், தாக்கல் பிரிவு கேட்கும் இடத்தில் 139(5) என்று தேர்ந்தெடுக்கவேண்டும். முதல் ரிட்டர்னின் 15 இலக்க ஒப்புகை எண்ணும், அதைத் தாக்கல் செய்த தேதியும் கேட்கும். படிவமே தப்பு என்றால் வேறு படிவத்தில் போடலாம். ஐடிஆர்-1 போட்டவர் ஐடிஆர்-2க்கு மாறத் தடையில்லை.

திருத்திய ரிட்டர்ன் முதல் ரிட்டர்னின் ஒட்டு அல்ல. அதை முழுசாக அகற்றிவிட்டு அந்த இடத்தில் உட்காருவது. விடுபட்ட வங்கி வைப்பு வட்டியை மட்டும் சேர்த்துவிட்டு, முதலில் கைப்பட நிரப்பிய 80டி மருத்துவக் காப்பீட்டுக் கழிவை மறுபடி நிரப்ப மறந்தால், அந்தக் கழிவு போய்விடும். எனவே பழைய ரிட்டர்னின் பிடிஎஃப் நகலை இறக்கி, பக்கத்தில் வைத்துக்கொண்டு, வரி வரியாக ஒப்பிட்டுத்தான் அனுப்பவேண்டும். கூடுதல் வரி வந்தால் முதலில் இ-பே டாக்ஸில் கட்டி, பிஎஸ்ஆர் என்கிற வங்கிக் கிளைக் குறியீடு, செலான் எண், தேதி மூன்றையும் ரிட்டர்னில் ஏற்றியபின் அனுப்பவேண்டும். முதல் ரிட்டர்னில் அதிக ரீஃபண்ட் வாங்கிவிட்டு இப்போது குறைகிறது என்றால், வித்தியாசத்தை வட்டியோடு கட்டச் சொல்லி டிமாண்ட் நோட்டீஸ் வரும். அதைக் கண்டு பதற ஒன்றுமில்லை, கட்டவேண்டிய பணம்தான்.

30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்யவேண்டும். ஆதார் ஓடிபியில் இரண்டு நிமிட வேலை. அதைச் செய்யாமல் விட்டால் திருத்தியது கணக்கில் வராது; பழைய, தப்பான ரிட்டர்னே நிற்கும்.

இன்னொரு நிலையும் உண்டு. ரிட்டர்ன் போட்டாயிற்று, இன்னும் வெரிஃபை செய்யவில்லை, அதற்குள் தப்பு கண்ணில் பட்டுவிட்டது. அப்போது திருத்திய ரிட்டர்ன் தேவையில்லை. ‘டிஸ்கார்ட்’ என்ற வசதியில் அதை நீக்கிவிட்டுப் புதிதாகவே போடலாம். நீக்கியதை மீட்க முடியாது. புதிதாகப் போடுவது கெடுவுக்குப் பின்னால் விழுந்தால் தாமதக் கட்டணமும் உண்டு: மொத்த வருமானம் 5 லட்சம்வரை 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000.

சேலத்தில் அடிக்கடி நேரும் தப்புகள்

ஓய்வுபெற்றவர்களின் வங்கி வைப்பு வட்டி முதலில். ஆசிரியராகவோ உருக்காலையிலோ வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், கையில் வந்த பணத்தை மூன்று வங்கியிலும் தபால் நிலையத்திலும் பிரித்துப் போட்டிருப்பார். ஒரு வங்கியில் வட்டி வரம்பைத் தாண்டினால்தான் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே பிடிக்கும் வரி, பிடிப்பார்கள். 2024-25இல் மூத்த குடிமக்களுக்கு அந்த வரம்பு 50,000 ரூபாய். பிரித்துப் போட்டதால் எங்கும் பிடிக்கவில்லை. பிடிக்காததால் காட்டவேண்டியதில்லை என்று விட்டுவிடுகிறார்கள். டிடிஎஸ் பிடிப்பதற்கும் வருமானம் ஆவதற்கும் சம்பந்தமில்லை. ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையில் பெரும்பாலும் எல்லாம் வந்து நிற்கும். பழைய முறையில் இருந்தால் 60 வயதைக் கடந்தவருக்கு 80டிடிபியில் 50,000 ரூபாய்வரை கழிவு உண்டு. புதிய முறையில் இல்லை. இதை 10,000 ரூபாய் வரம்புள்ள 80டிடிஏவில் போட்டுக் குறைவாகக் கழித்துக்கொண்டவர்களும் உண்டு. அது தமக்கே பாதகமான தப்பு, டிசம்பர் 31க்குள் பிடிக்கவேண்டியது.

ஏஐஎஸ் சொல்வதெல்லாம் வேதவாக்கும் அல்ல. கணவன் மனைவி கூட்டாகப் போட்ட வைப்பின் வட்டி முழுக்க முதல் பெயர்காரரின் பான் எண்ணில் ஏறியிருக்கலாம். ஒரே தகவல் இரண்டு முறை வந்திருக்கலாம். அப்படியானால் ரிட்டர்னைத் திருத்தப் போகுமுன் ஏஐஎஸ்ஸிலேயே அந்தப் பதிவைச் சொடுக்கி ‘வேறு பான் எண்ணுக்குரியது’, ‘இரட்டிப்புப் பதிவு’ என்று கருத்துப் பதிவுசெய்யவேண்டும். ஏஐஎஸ் ஒருமுறை பார்த்தால் தீர்ந்துபோகும் அறிக்கையும் அல்ல. கடைசிக் காலாண்டின் டிடிஎஸ் கணக்கைத் தாக்கல் செய்யவே மே 31 வரை கெடு. ஜூன் முதல் வாரம் அவசரமாக ரிட்டர்ன் போட்டவர் அக்டோபரில் மறுபடி ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு பக்கம் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். வெள்ளியை வியாபாரி கொடுக்கிறார். பட்டறைக்காரர் வேலை செய்து கூலி வாங்குகிறார். அந்தக் கூலியில் 194சி பிரிவின் கீழ் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்திருப்பார்கள். பட்டறைக்காரர், சிறு தொழிலுக்கான உத்தேச வருமானப் பிரிவான 44ஏடியில் வரவு 8 லட்சம் என்று காட்டி, 12 லட்சத்துக்குப் பிடித்த 12,000 ரூபாய் டிடிஎஸ்ஸையும் திரும்பக் கேட்டால், கணினி உடனே கேள்வி கேட்கும்: டிடிஎஸ் வேண்டும் என்கிறாய், அதற்குரிய வரவு எங்கே? வருவது 139(9) ‘குறைபாடுள்ள ரிட்டர்ன்’ நோட்டீஸ். இதற்குப் பதில் சொல்ல 15 நாள் கெடு. போர்ட்டலில் அந்த நோட்டீஸுக்கான பதிலாகவே சரிசெய்த ரிட்டர்னை ஏற்றவேண்டும். விட்டுவிட்டால் ரிட்டர்னே செல்லாததாகிவிடும், போடவே இல்லை என்ற கணக்கு. நோட்டீஸ் மின்னஞ்சலுக்கும் போர்ட்டலுக்கும்தான் வரும். போர்ட்டலில் ஆடிட்டர் அலுவலகத்தின் மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் பதிவாகியிருந்தால், 15 நாளும் பட்டறைக்காரருக்குத் தெரியாமலே ஓடிவிடும்.

ஏற்காட்டுக் கணக்கு

மலைமேல் தப்புகள் வேறு வகை. காபித் தோட்ட வருமானம் என்றாலே விவசாயம், வரி இல்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பழத்தைப் பறித்து அப்படியே விற்றால் அது சரிதான். ஆனால் தான் விளைவித்த காபியைத் தானே க்யூரிங் (உலர்த்தித் தோல் நீக்கிப் பக்குவப்படுத்துவது) செய்து விற்றால், வருமான வரி விதி 7பி வந்துவிடும்: அந்த வருமானத்தில் 25 சதவீதம் வணிக வருமானம், 75 சதவீதம் விவசாய வருமானம். வறுத்து அரைத்து விற்றால் 40 சதவீதம் வணிகம். செலவெல்லாம் போக 20 லட்சம் நின்றது என்றால், க்யூரிங்கோடு நிறுத்தியவருக்கு 5 லட்சமும், தூளாக்கி விற்றவருக்கு 8 லட்சமும் வணிக வருமானம். இவற்றை ஐடிஆர்-3 போன்ற வணிகப் படிவத்தில்தான் காட்டமுடியும். ஐடிஆர்-1இல் விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தாலே இடமில்லை.

இதே விதி எதிர்ப்பக்கமும் தப்பாகப் போகிறது. பழமாகவே வியாபாரிக்கு விற்றவர், பக்கத்துத் தோட்டத்துக்காரரைப் பார்த்துத் தானும் 25 சதவீதத்துக்கு வரி கட்டிவிடுவது உண்டு. சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிய மிளகு வருமானத்தையும் 7பி கணக்கில் கலந்துவிடுவது உண்டு; விதி காபிக்குத்தான், வெயிலில் உலர்த்தி விற்ற மிளகுக்கு அல்ல. இரண்டுமே கூடுதலாகக் கட்டிய வரி. டிசம்பர் 31 தாண்டினால் திரும்பி வருவது குதிரைக்கொம்பு.

தோட்டத்துக்குள்ளேயே ஹோம்ஸ்டே நடத்தினால் அந்த வருமானத்தை விவசாயத்தோடு சேர்க்கக்கூடாது. நிலம் விவசாய நிலம்தான். ஆனால் சுற்றுலா வந்தவரைத் தங்கவைத்து வாங்கும் பணம் மண்ணிலிருந்து விளைந்ததல்ல. முன்பதிவு இணையதளங்கள் வழியாக வரும் பணத்துக்கு டிடிஎஸ் பிடித்திருந்தால் அது ஏஐஎஸ்ஸில் தெரியும். மேலும், வரி இல்லாத விவசாய வருமானத்தையும் ரிட்டர்னில் சொல்லியாகவேண்டும். மற்ற வருமானம் அடிப்படை வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினால், வரி வீதத்தைக் கணக்கிட மட்டும் இரண்டையும் கூட்டிப் பார்ப்பார்கள். சம்பளமும் தோட்டமும் இரண்டும் உள்ள குடும்பங்களில் இந்த விவரம் பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது.

ரிட்டர்ன் சரி, சிபிசி கணக்குத்தான் தப்பு என்றால்

இதற்கு 154ஆம் பிரிவு, அதாவது ரெக்டிஃபிகேஷன். ஆவணத்தைப் பார்த்த மாத்திரத்தில் தெரியும் பிழையாக இருக்கவேண்டும்; வாதாடி நிறுவவேண்டிய விஷயம் இதில் நிற்காது. கட்டிய வரியைக் கணக்கில் எடுக்கவில்லை, பிடித்த வரியைக் காட்டும் அறிக்கையான 26ஏஎஸ்ஸில் இருக்கும் டிடிஎஸ்ஸைக் கொடுக்கவில்லை என்பன போன்றவை. போர்ட்டலில் சர்வீசஸ், ரெக்டிஃபிகேஷன், புதிய கோரிக்கை. ஆணை வந்த நிதியாண்டு முடிந்து நான்கு ஆண்டுவரை கேட்கலாம். கேட்ட மாதம் முடிந்து ஆறு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும் என்பது சட்டம்.

இங்கே வகையைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். ரிட்டர்னில் எல்லாம் சரி, சிபிசி மறுபடி ஒருமுறை கணக்குப் போட்டால் போதும் என்றால் ‘ரீபிராசஸ்’. டிடிஎஸ் அல்லது செலான் விவரம் பொருந்தவில்லை என்றால் ‘டாக்ஸ் கிரெடிட் மிஸ்மேட்ச்’. ரிட்டர்னில் தட்டச்சிட்ட விவரமே தப்பு என்றால் ‘ரிட்டர்ன் டேட்டா கரெக்‌ஷன்’. தப்பைத் திருத்தாமல் ‘ரீபிராசஸ்’ கொடுத்தால் அதே விடைதான் மறுபடி வரும். ரிட்டர்னில் கேட்காத புதுக் கழிவை ரெக்டிஃபிகேஷனில் கேட்கமுடியாது. மதிப்பீட்டு அதிகாரியிடம் கடிதம் எழுதிக் கொடுத்தாலும் அதை அவர் ஏற்கமுடியாது. திருத்திய ரிட்டர்ன் வழியாகத்தான் கேட்கவேண்டும் என்று 2006இல் கோட்ஸே இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேலம் காந்தி ரோடு வருமான வரி அலுவலகத்தில் மனுவோடு காத்திருக்குமுன் இதைத் தெரிந்துகொண்டால் ஒரு நாள் மிச்சம்.

சம்பள நிலுவை வாங்கியவர்களுக்கு: நிலுவை ஒரே ஆண்டில் வந்ததால் ஏறும் வரிக்கான 89ஆம் பிரிவு நிவாரணத்தை ரிட்டர்னில் காட்டிவிட்டு 10இ படிவத்தைத் தனியாகத் தாக்கல் செய்யாமல் விட்டால், சிபிசி அந்த நிவாரணத்தை வெட்டிவிடும். 10இ எப்போதும் ரிட்டர்னுக்கு முன்பே போகவேண்டும்.

செலானில் மதிப்பீட்டு ஆண்டு தப்பாக விழுவது தனிச் சங்கதி. 2024-25 நிதியாண்டுக்குக் கட்டவேண்டிய வரியை, பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று 2024-25 மதிப்பீட்டு ஆண்டில் கட்டிவிடுவார்கள். அது முந்தைய ஆண்டுக்குப் போய் உட்காரும். ரிட்டர்னைத் திருத்தி இதற்குப் பயனில்லை. போர்ட்டலிலேயே ‘செலான் கரெக்‌ஷன்’ உண்டு. மதிப்பீட்டு ஆண்டை மாற்றப் பணம் கட்டிய தேதியிலிருந்து 7 நாள்தான் கெடு. வரித் தலைப்பு மாற்ற 30 நாள். தாண்டினால் உங்கள் வட்டத்து மதிப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்கவேண்டும். டிடிஎஸ் பிடித்தவர் பான் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால், திருத்தவேண்டியது அவர்தான். அவர் திருத்தக் கணக்குத் தாக்கல் செய்தால்தான் உங்கள் 26ஏஎஸ்ஸில் வரும்.

டிசம்பர் 31 போய்விட்டது என்றால்

இதற்கு 139(8ஏ) பிரிவின் ரிட்டர்ன், பேச்சுவழக்கில் ஐடிஆர்-யூ. 2022இல் வந்தது. அப்போது மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 24 மாதம்வரை போடலாம் என்றிருந்தது, 2025 ஏப்ரல் 1 முதல் 48 மாதமாக நீண்டது. வரியும் வட்டியும் சேர்ந்த தொகைமேல் கூடுதல் வரி உண்டு: முதல் 12 மாதத்துக்குள் 25 சதவீதம், 24க்குள் 50, 36க்குள் 60, 48க்குள் 70. சங்ககிரி லாரிக்காரரின் கணக்கு இப்படித்தான் ஏறியது. 2026 மே மாதத்தில் வரி 53,248, வட்டி ஏறக்குறைய 10,100, இரண்டும் சேர்ந்ததில் 25 சதவீதமாக ஏறக்குறைய 15,800.

இந்த வழியில் வரியைக் குறைக்கமுடியாது, ரீஃபண்ட் கேட்கவோ கூட்டவோ முடியாது. ஒரு மதிப்பீட்டு ஆண்டுக்கு ஒரே முறைதான். அந்த ஆண்டுக்கு மதிப்பீடு நடந்துகொண்டிருந்தாலோ முடிந்திருந்தாலோ, சோதனை நடந்திருந்தாலோ இடமில்லை. ஒரே முறை என்பதால், வட்டியை மட்டும் சேர்த்து அவசரமாகப் போட்டுவிட்டு, பிறகு பங்கு விற்ற லாபம் நினைவுக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள். அந்த ஆண்டின் வங்கி அறிக்கை, ஏஐஎஸ், 26ஏஎஸ் மூன்றையும் முழுசாகப் பார்த்தபின், பணத்தைக் கட்டிவிட்டுத்தான் தாக்கல் செய்யவேண்டும்.

இல்லாத கழிவைப் போட்டு ரீஃபண்ட் வாங்கியவர்களும் இந்த வழியில்தான் வரவேண்டும். கட்சிக்கு நன்கொடை, கொடுக்காத வீட்டு வாடகை, எடுக்காத கல்விக் கடன் என்று, கமிஷனுக்கு ரிட்டர்ன் போட்டுத் தருபவர்கள் எழுதிக் கொடுத்த கழிவுகள் இவை. 2025 ஜூலையில் வருமான வரித்துறை தமிழ்நாடு உட்பட பல மாநிலங்களில் இதற்காகவே சோதனை நடத்தியது. அதற்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் தாமாகவே ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய்ப் பொய்க் கழிவுகளைக் கைவிட்டதாகத் துறை அப்போது அறிவித்தது. எழுதியவர் யாராக இருந்தாலும் வெரிஃபிகேஷனுக்கு ஓடிபி கொடுத்தவர்தான் பொறுப்பு. துறையே கண்டுபிடித்தால், தவறான தகவல் தந்ததற்கு 270ஏ பிரிவில் அபராதம் அந்த வரியில் 200 சதவீதம்வரை போகும். 70 சதவீதக் கூடுதல் வரியைக்கூட இதோடு வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

தனக்கு வரவேண்டிய ரீஃபண்டைக் கெடுவுக்குள் கேட்காமல் விட்டவருக்கு மிஞ்சுவது 119(2)(பி) மனு ஒன்றுதான், அதாவது தாமதத்தை மன்னிக்கக் கோருவது. மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2024 அக்டோபர் 1 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் கேட்கவேண்டும். 1 கோடி ரூபாய்வரை முதன்மை ஆணையரே முடிவு செய்யலாம். மறதி என்று எழுதினால் நிற்காது. மருத்துவமனையில் இருந்த நாள்கள், குடும்பத்தில் நேர்ந்த சாவு, ஆவணம் கைக்கு வர ஆன தாமதம் என்று, கெடு நாளில் ஏன் முடியவில்லை என்பதைத் தேதியோடு, சான்றோடு காட்டவேண்டும்: டிஸ்சார்ஜ் சுருக்கம், இறப்புச் சான்றிதழ், வங்கி தாமதமாகக் கொடுத்த கடிதம். மனுவோடு அந்த ஆண்டின் ரிட்டர்ன் கணக்கையும் முழுதாகப் போட்டு இணைத்தால், அதிகாரி கேட்டு எழுதி, நீங்கள் பதில் அனுப்பி என்று போகும் மாதங்கள் குறையும்.